காட்சி தெரியாத மூன்று நிறுத்தங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் அது பொய். அங்கே சுகமா என்று கேட்கவும் மனம் வரவில்லை, ஏனென்றால் இந்தப் பயணம் உன் யோசனை. அத்தானை மட்டும் தனியாக விசாரித்ததாகச் சொல்.

கடிதமா என்று சிரிக்காதே. என் போன் வண்டியில் சார்ஜில் கிடக்கிறது, வண்டி மலை மேல் நிற்கிறது, நான் மலையடிவாரத்தில் ஒரு காஸ் கடை வாசலில் காலி சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். பக்கத்துக் கடையில் போன் கேட்டேன், கொடுத்தார்கள். உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விலாசம் தெரியும், ஆகவே கடிதம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நான் போட்ட ரூட் பிளானின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அந்தத் தாள் ஒரு காரியத்துக்கு உதவுவது இதுதான் முதல் தடவை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுத் தரகரிடம் சொல்லிவிடு, அப்பா அம்மா வீட்டை விற்றுவிடலாம். பேசியபடி அப்பா உன் வீட்டில், அம்மா என் வீட்டில். இனி இந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைக்க என்னால் கையெழுத்துப் போட முடியாது.

"ஒரே பெட்டிக்குள்ள நாலு நாள் அடைச்சுப் போடுடா, பேசாம எங்க போயிடுவாங்க" என்று நீ சொன்னாய். எங்கேயும் போகவில்லை, பேசவும் இல்லை. நான் லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்பவன். பெட்டிக்குள் அடைத்தால் ஆட்கள் பேசுவார்கள் என்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை. எல்லோரும் மாடி நம்பரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த இந்த மோட்டார்ஹோம் வண்டியில் மாடி நம்பர் கிடையாது, அதனால் ரெண்டு பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற விழாவுக்கு நீ வரவில்லை, கேள்விப்பட்டதை வைத்துப் பேசுகிறாய். நான் இருந்தேன். அலுவலகத்து ஆட்கள் அம்மாவை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அம்மா மைக்கைப் பிடித்து, "இனிமே பகல் முழுக்க இவர் வீட்டுலயா? நினைச்சாலே மூச்சு முட்டுது" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, பரிசாக வந்த சுவர்க்கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். அன்றைக்கு நின்ற பேச்சு. விளையாட்டாகச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்று அம்மா, சிரிக்கிற மாதிரியா இருந்தது என்று அப்பா. எட்டு மாசமாக நடுவில் தந்திக் கம்பமாக நான்.

பிளானில் குறை சொல்ல முடியாது. ஏற்றம் எத்தனை, குகைப் பாதையின் உயரம் எத்தனை, எந்த வளைவில் வண்டி திரும்பும், எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எல்லாம் கணக்கு. ராத்தங்கலுக்கு ஏரி, பள்ளத்தாக்கு, உச்சி, அருவி என்று நாலு இடம், நாலும் கண்கொள்ளாக் காட்சி என்று போட்டிருந்தது. முதல் நாள் ஏரி. தரை சரிவு. வண்டி மட்டமாக நிற்காவிட்டால் ஃப்ரிட்ஜ் ஓடாது, படுத்தால் தலைக்கு ரத்தம் ஏறும், அதனால் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு முன்னே பின்னே நகர்த்தினேன். அம்மா எழுந்து, "நான் இறங்கிப் பின்னாடி நின்னு கை காட்டவா? நம்ம காருக்கு அப்படித்தானே" என்றாள். பின்பக்கம் பார்க்க நான் கேமரா மாட்டியிருக்கிறேன், உட்காரும்மா என்றேன். அப்பா, "ஸ்டீயரிங்கை நான் கொஞ்சம் பிடிக்கட்டுமாடா" என்றார். இன்சூரன்ஸ் என் பேரில் மட்டும்தான், உட்காருங்கப்பா என்றேன். ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மட்டமான இடம் கடைசியில் ஒரு மதிலைப் பார்த்தபடிதான் கிடைத்தது. ஏரி வண்டிக்குப் பின்னால். பின்னால் இருக்கிற ஒரே ஜன்னல் கக்கூஸ் ஜன்னல். கண்கொள்ளாக் காட்சியை ஆளுக்கொரு தரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "உங்கப்பா உள்ள போய் எவ்வளவு நேரமாச்சு! மொத்த ஏரியையும் அவரே பார்த்து முடிச்சுடுவாரான்னு கேளு" என்றாள் அம்மா. நான் கதவைத் தட்டிக் கேட்டேன். "பாதிதான் பார்த்திருக்கேன்னு சொல்லு" என்று உள்ளேயிருந்து பதில்.

ரெண்டாம் நாள் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்று பலகையில் எழுதியிருந்ததால் நம்பினோம், மற்றபடி பஞ்சு மூட்டைக்குள் நிற்கிற மாதிரி மூடுபனி. படுக்கிற நேரத்தில் அப்பா, அம்மாவின் படுக்கைக்கு மேலே இருக்கிற கூரைத் திறப்பைக் காட்டி, "அதைத் திறந்து வைடா, உங்கம்மாவுக்கு மூச்சு முட்டும்" என்றார். வெளியே மழை அக்கா! அம்மா மூடச் சொல்வாள் என்று பார்த்தேன். "நல்லா திற. இப்பதான் மூச்சே வருதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டாள். திறப்பு விடிகிற வரை திறந்தே கிடந்தது. ஹீட்டர் வானத்துக்குச் சூடு கொடுத்தது. ஜலதோஷம் பிடித்தது எனக்கு.

மூணாவது நாள் உச்சி. சூரிய உதயத்துக்குப் பேர் போன இடமாம், சூரியன் எங்கே போச்சோ. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து ஒரே ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்தாங்க. "ஒரே வெள்ளையா இருக்கு"ன்னா அம்மா. அப்பா என்னைப் பார்த்து, "ஆமான்னு சொல்லு" என்கிறார். அக்கா, ஒத்துப்போறதுக்கும் நான் வேணுமாம்!

இன்னிக்குக் காலையில காஸ் தீர்ந்துபோச்சு. டீ இல்லை, சூடு இல்லை. நான் சிலிண்டரைக் கழற்றிக்கிட்டிருந்தப்போ அம்மா பக்கத்துல வந்து மெதுவா, "உங்கப்பாவுக்கு அக்கா வீட்டுல ஜன்னலோரமா கட்டில் போடச் சொல்லுடா. காத்து இல்லேன்னா தூங்கமாட்டார்"ன்னா. கீழே போக காய்கறி வேனுக்காக ரோட்டோரம் நின்னா அப்பா வந்து, "உன் ஃப்ளாட் நாலாவது மாடி. உங்கம்மாவுக்கு முட்டி வலி. உங்க கம்பெனி லிஃப்ட் நின்னு போகாதில்ல?"ங்கறார். போகாதுன்னேன். தலையாட்டிட்டு, வேன் வருதான்னு எட்டிப் பார்த்தார். ரெண்டு பேரும் மனசுக்குள்ள பிரிஞ்சு மூட்டையும் கட்டியாச்சு. இதுக்கு மேல அருவி ஒரு கேடா? நாலாவது நிறுத்தம் ரத்து. நேரா வீடு, அப்புறம் தரகர்.

கடைக்காரர் வந்துவிட்டார். பாப்பாவுக்கு என் முத்தங்கள். தாத்தா அங்கேயே தங்க வருவார் என்று அவளிடம் சொல்லி வை. பாட்டி கூட வரமாட்டாள் என்பதை இப்போதைக்குச் சொல்லாதே. அத்தானின் அம்மாவுக்கு என் வணக்கம். வேறு நல்ல செய்தி இல்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
நடுவில் நிற்கும் உன் தம்பி

பின்குறிப்பு: நிறைந்த சிலிண்டரோடு உச்சிக்கு வந்து சேர்ந்தேன். வண்டி இல்லை. நின்ற இடத்தில் என் பை, பை மேல் ரசமட்டம், அதன் பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்ட என் கேமரா, எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் குடை. வண்டி நிறுத்தத்துக் காவல்காரரைக் கேட்டேன். "இப்பத்தான் போனாங்க தம்பி. பெரியவர் ஓட்டினார், அந்தம்மா பின்னாடி நின்னு கை காட்டினாங்க. என்னா சத்தம்! 'நில்லுங்கன்னு கத்தறது காதுல விழலியா'ன்னு இவங்க, 'கண்ணாடியில தெரியற மாதிரி நின்னாத்தானேடி'ன்னு அவர். இங்க திருப்பி எடுக்கறதுக்குள்ள எட்டு மாசச் சண்டையைப் போட்டுட்டாங்க. குளிர் தாங்கலியாம், வெயில் அடிக்கிற இடமாப் பார்த்துப் போறாங்களாம். உங்களை பஸ்ல வரச் சொன்னாங்க" என்றார். யார் சொன்னது என்றேன். "ரெண்டு பேரும். ஒரே நேரத்துல."

எட்டு மாசக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இங்கே எல்லோருக்கும் கேட்டிருக்கும். சாவியை விட்டுவிட்டுப் போனது என் தப்பு. இன்சூரன்ஸ் செல்லாது. குகைப் பாதை உயரம் அவர்களுக்குத் தெரியாது, பிளான் என் கையில் இருக்கிறது. தரகரிடம் ஒன்றும் சொல்லாதே. என் போனுக்கு அடித்தால் அம்மா எடுப்பாள், ஹீட்டருக்குச் சிலிண்டர் இங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்.

பஸ் சாயந்திரம்தானாம். சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது பார்த்து மேகம் விலகிவிட்டது. மூன்று நாளாகத் தெரியாததெல்லாம் தெரிகிறது, காட்ட ஆள்தான் இல்லை. ரொம்பக் கீழே, ஒரு கொண்டை ஊசி வளைவில், வெள்ளையாக நம் வண்டி நிற்கிறது. திரும்ப முடியவில்லை போல, ரிவர்ஸில் வருகிறது. அதற்குப் பின்னால் எறும்பளவுக்கு யாரோ நின்று ரெண்டு கையையும் வீசிக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் இந்த உயரத்துக்குக் கேட்கவில்லை.