நாற்பது பேரும் சுருதி விட்டார்கள்

எனக்குச் சுருதி ஞானம் உண்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நானேதான் கண்டுபிடித்துக்கொண்டேன். அப்போது எங்கள் ஊரான மாசாயில், கோயில் பஜனைக் குழுவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். பாடுகிறவர் வாயைத் திறந்ததுமே, "அண்ணே, நீங்க ஒன்றரைக் கட்டை" என்று சுருதியை அளந்து சொல்லிவிடுவேன். (யாரும் மறுத்ததில்லை. கட்டைக் கணக்கு அவர்களில் யாருக்கும் தெரியாது.)

இந்த ஞானத்தோடுதான் இருபத்தேழு வயதில் பெண் கேட்கப் போனேன்.

ஸ்டெல்லாவும் நானும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். அவள் வீடு கூலாயில். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா பள்ளி ஆசிரியர். தேவாலயத்தில் கொயர் என்னும் பாடகர் குழுவைப் பல வருடமாக நடத்திவருபவர். பையன் இந்து என்றதும் ஒரு வாரம் மகளோடு பேசாமல் இருந்துவிட்டு, "ஒரே ஒரு தடவ வரச் சொல்லு. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாராம். எங்கள் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் அந்த ஒரு தடவையில் இருந்தது.

"அப்பா கண்டிப்பா அவங்க கொயர் ரெக்கார்டிங்கப் போடுவாரு. ஒம்போது நிமிஷம். 'நல்லா இருக்கு அங்கிள்'னு மட்டும் சொல்லுங்க. வேற எதுக்கும் வாயத் தொறக்காதீங்க லா" என்றாள் ஸ்டெல்லா. கூடவே அந்தப் பாட்டைப் பற்றி வாட்ஸாப்பில் நீளமாக ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தாள். லத்தீன் பாட்டு, மெதுவான நடை, நாற்பது பேர், நான்கு குரல், வாத்தியம் கிடையாது, டி மேஜர் என்று முதல் இரண்டு வரி. டி என்றால் நம் கணக்கில் இரண்டு கட்டை. இது போதுமே என்று மீதியைப் படிக்கவில்லை. (மீதியில்தான் என் மானம் இருந்தது.)

ஞாயிற்றுக்கிழமை மதியம். அங்கிள் பாட்டைப் போட்டார். ஆண்குரல்கள் அடியில் மெல்லத் தொடங்க, பெண்குரல்கள் மேலே வந்து சேர்ந்துகொண்டன. பத்து வினாடி கண்ணை மூடி, ஆராய்வதுபோல் நடித்துவிட்டு, "ரெண்டு கட்டை, அங்கிள். அதாவது டி" என்றேன்.

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்ட ஒடனே சொல்லிட்டியே தம்பி!"

ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த வீட்டில் நான் இன்றைக்கும் மேதை.

வாத்தியமே இல்லாமல் நாற்பது பேர் பாடுவது எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு தம்புராகூட இல்லாமல் அம்போ என்று விட்டுவிட்டார்களே! "சுருதி போட்டுக் கேட்டா இன்னும் எடுப்பா இருக்கும் அங்கிள்" என்று கைப்பேசியில் இருந்த சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் ஒலிக்கவிட்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தேன். நான்கு நிமிடம் சொர்க்கம். அங்கிளே தலையாட்டினார்.

ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பெண்குரல் மேலே ஏறியது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். என் பெட்டி மட்டும் இரண்டு கட்டையிலேயே நின்று முனகியது. கூடத்துக்குள் இரண்டு லாரிகள் ஒரே நேரத்தில் பிரேக் போட்டதுபோல் ஒரு சத்தம்.

ஒருவர் சுருதி விடலாம். நாலு பேர் விடலாம். நாற்பது பேரும் ஒரே வினாடியில், ஒரே அளவுக்கு, சொல்லிவைத்தாற்போல் விடுவார்களா என்று ஒரு மாடுகூட யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை.

"அலமாக்! பரவால்ல அங்கிள், எல்லாரும் வேலைக்குப் போறவங்கதானே. நாலு கட்டைக்கு ஓடிட்டாங்க."

"அப்படியா? யாரால தம்பி?" என்றார், மிகவும் அமைதியாக.

"அந்த மேல் குரல் பாடுற அம்மாதான் மொதல்ல விட்டாங்க. மத்தவங்க பாவம், நம்பிப் பின்னாலயே போயிட்டாங்க. அடுத்த தடவ அவங்களச் சேர்க்காதீங்க."

சமையலறை வாசலில் கறிபாப் பலகாரத் தட்டோடு நின்றிருந்த ஸ்டெல்லாவின் அம்மா, "அடுத்த தடவ என்னையச் சேர்க்க வேணாமாம்ங்க" என்றார்.

ஸ்டெல்லா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டு பழைய சுருதிக்கே திரும்பி, வேகம் குறைந்து குறைந்து முடிந்தது. அப்போதாவது நிறுத்தினேனா? "கடைசில தாளம் கொஞ்சம் தொங்குது. களைச்சிட்டாங்க போல" என்றேன்.

"அங்க மெதுவாக்குனது நான்தான்" என்றார் அங்கிள். "நடுவுல கீய, அதான் சுருதிய, மாத்துறதுக்கு மட்டும் ஆறு மாசம் பழகுனோம். அது தப்பு இல்லன்னு உன் காதுக்கே தெரியணும் தம்பி. ஞாயித்துக்கெழம பயிற்சிக்கு வா. பெட்டிய வீட்டுல வச்சிட்டு வா. தெரியுற அன்னைக்குப் பொண்ணு கேளு." (ஸ்டெல்லா அனுப்பிய குறிப்பில் மூன்றாவது வரியே அந்தச் சுருதி மாற்றம்தானாம்.)

ஏழு மாதம் போனேன், மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில். கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் காது இரண்டு கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். "தெரிஞ்சுதா?" என்பார் அங்கிள். "இல்ல அங்கிள்" என்பேன். தெரிந்துவிட்டது என்று பொய் சொல்லச் சொல்லி ஸ்டெல்லாவே கெஞ்சினாள். அவ்வளவு பேச்சுப் பேசிவிட்டு அதற்கு மேல் பொய்யும் சொல்ல வெட்கமாக இருந்தது.

மழை பெய்த ஒரு ஞாயிறு. ஸ்டெல்லாவின் அம்மா மேல் குரலை எடுத்தார். அன்றைக்கு என் காது எதையும் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டது. அந்த நாற்பது பேரோடு நானும் மேலே போனேன். நெஞ்சுக்குள் ஏதோ திறந்துகொண்டது, கண் கலங்கிவிட்டது. இவ்வளவு அழகான இடத்தையா தப்பு என்று சொன்னோம் என்று அவமானமாகவும் இருந்தது. கையசைத்து நடத்திக்கொண்டிருந்த அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இடது கையைத் தூக்கி நான்கு விரலைக் காட்டினார். நாலு கட்டை. மறுமாதம் நிச்சயம் செய்தார்கள்.

எங்களுக்கு இப்போது ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். போன ஞாயிறு மாமனார் வீட்டில் ஆட்டுக்கறி என் சமையல். உப்பு அதிகம் என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். "இந்த வீட்டுல ஒருத்தர் நாக்கும் சரியில்ல லா" என்றேன்.

முதலில் என் மாமியார், குழம்பு வழியும் நான்கு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு மாமனார். பிறகு ஸ்டெல்லா. கடைசியில் என் மகள் எழுந்து நின்று, இரண்டு கையிலும் காட்டினாள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், தண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவைத்தேன்.