முன்விளக்குக்கு ஒரு மாலை

புது வண்டியின் சக்கரத்தில் உடைக்க வேண்டிய பியர் பாட்டிலை குரோவர் கயிசாயா முன்விளக்கில் உடைத்துவிட்டார்.

குறி தப்பியது என்று சொல்லிவிட முடியாது. கை போக வேண்டிய உயரத்துக்குத்தான் போயிற்று. ஆனால் மற்ற வண்டிகளில் சக்கரம் இருக்கிற உயரத்தில் இந்த வண்டிக்கு விளக்கு இருந்தது. அவ்வளவு தாழ்ந்த கார். சிவப்பு, இரண்டே கதவு, தரையை முகர்ந்துகொண்டே போகிற மூக்கு. தீர்த்தம் தெறிக்கும் என்று அவர் மூக்குக்கண்ணாடியை வேறு கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். லா பாஸ் நகரத்தில் பாதிப் பேருக்குக் கண்ணாடி தேய்த்துக் கொடுத்தவருக்கு அந்த ஒரு நிமிஷம் கண்ணாடி இல்லை.

கோபகபானா மாதா கோயில் வாசலில் புது வண்டிகளை ஆசீர்வதித்துக்கொண்டே வந்த பாதிரியார் உடைந்த விளக்கைப் பார்த்தார். குரோவரைப் பார்த்தார். விளக்குக்கு மட்டும் கூடுதலாக இரண்டு தெளி தெளித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மனைவி நீவெஸ் அப்போது பொரி வாங்கப் போயிருந்தாள். மாதா அன்றைக்குச் செய்த ஒரே அற்புதம் அதுதான்.

ஏனென்றால் இந்தக் காரை வீட்டுக்குள் விட நீவெஸ் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "கார்னவல் செவ்வாய் வரைக்கும் பாக்குறேன். அதுவரைக்கும் ஒரு கீறல் விழாம வெச்சிருந்தா வண்டி உன்னோடது. ஒரே ஒரு கீறல் விழுந்துச்சுன்னாலும் வித்துட்டு, எங்க வில்சன்கூட சேர்ந்து ஒரு மினிபஸ். வில்சனே வந்து பாத்துச் சொல்லட்டும்."

வில்சன் அவளுடைய தம்பி. மினிபஸ் முதலாளி. அக்கா புருஷனைக் கூட்டாளியாக்கிவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கண் வைத்திருப்பவன். அந்தக் குடும்பத்துக்கே ரத்தத்தில் டீசல். நீவெஸ்ஸே சின்ன வயதில் அப்பாவின் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு, ஊர்ப் பேர்களைக் கூவி ஆள் ஏற்றியவள்தான். இப்போது வீட்டிலிருந்து பாவாடை தைத்து விற்கிறாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் குரல் பொரிப் பொட்டலத்தோடு நெருங்கி வந்தபோது, கூரை மேல் கிடந்த பூமாலையை உருவி விளக்கின் மேல் இறுக்கிக் கட்டிவிட்டார் குரோவர்.

"என்ன இது, கண்ணுக்குக் கட்டுப் போட்ட மாதிரி?"

"இப்ப இதுதான் ஃபேஷன்."

"உனக்கு எப்பலேர்ந்து ஃபேஷன் தெரியும்?" என்றாள் நீவெஸ், அவருடைய பழுப்பு ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் விளக்கின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். "கப்பல்ல வரணும் சார். கார்னவல் முடிஞ்சு வரும்."

கடலே இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு கப்பலுக்குக் காத்திருப்பதைப் போன்ற தவம் வேறில்லை. அதுவரை பூதான் கதி. பூவோ இரண்டு நாளில் வாடுகிற ஜாதி.

தெரு முனைக்குக் கீழே, இறக்கத்தின் அடியில், பூக்கடை வைத்திருந்த அசுந்தாவிடம் போனார். இந்த ஊரில் வழக்கமாக வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் 'காசேரா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே வாரத்தில் இருவரும் காசேரா ஆகிவிட்டார்கள். டாக்டரிடமும் பூக்காரியிடமும் பொய் சொல்லக்கூடாது என்பது குரோவரின் கொள்கை. அதனால் அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

"விளக்கு உடைஞ்சு போச்சு காசேரா. வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. நல்லா அடர்த்தியா, ஒரு சூப் தட்டு அளவுக்கு வேணும்."

"செவ்வந்தி கட்டித் தர்றேன். அதுதான் தாங்கும்" என்றாள் அசுந்தா. வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பூக் கட்டிய கார் என்றால் இந்த ஊருக்கு ஒரே அர்த்தம்தான்: நேற்றுதான் ஆசீர்வாதம் வாங்கி வந்திருக்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று வாழ்த்தினான். வாழ்த்து என்றால் வாயால் இல்லை, பியரால். மூலைக்கடைக்காரர் ஒரு பாட்டிலைப் பானெட்டில் ஊற்றினார். எதிர்வீட்டு அம்மாள் தினமும் காலையில் ஒரு பிடி வண்ணக் காகிதத்தூளை வீசினாள். அது காற்றுத் துளைக்குள் போய்க் குடியேறியது. குரோவர் விசிறியைப் போட்டால் முகத்தில் கலர் கலராகக் கொட்டும். அவர் காதுக்குள்ளிருந்து ஒரு பச்சைத் துணுக்கை எடுத்துவிட்டு, "காத்து நல்லா வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை ஒரு தேவாலயத்துப் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து, கறிக்குழம்பு அடைத்த சால்டேனியாவைச் சிந்தாமல் தின்கிற வித்தையில் ஈடுபட்டிருந்தார். கதவு திறந்தது. ஒரு கல்யாணப்பெண் ஏறி உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், எடுங்க. நேரமாச்சு."

"அம்மா, இது வந்து..."

"பின்னாடி எங்கம்மா ஏறணும். சீட்டைக் கொஞ்சம் மடக்குங்க."

ஏழு அடுக்குப் பாவாடை கட்டிய ஓர் அம்மாளை இரண்டு கதவுக் காரின் பின்சீட்டில் ஏற்றுவது என்பது, தலையணையைத் தபால்பெட்டியில் போடுவது. ஊர்வலமே பின்னாலிருந்து தள்ளியது. ஒருவழியாகக் கிளம்பியபோது, "வேர்க்குது மாஸ்டர், கொஞ்சம் காத்தைப் போடுங்க" என்றாள் பெண். குரோவர் பதறிப்போய், "வேணாம்மா" என்பதற்குள் அவளே திருகிவிட்டாள்.

மண்டபத்தில் அவள் இறங்கியபோது தலை முதல் கால் வரை வண்ணக் காகிதம். "எவ்வளவு அழகான ஏற்பாடு!" என்று மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள். குரோவரை விடவில்லை. முதல் வரிசையில் உட்கார வைத்து, கேக்கும் கொடுத்தனுப்பினார்கள்.

"கேக் ஏது?" என்றாள் நீவெஸ்.

"ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன்."

"யார் கல்யாணம்?"

"தெரியல" என்றார் குரோவர். அந்த மாதத்தில் அவர் மனைவியிடம் சொன்ன ஒரே உண்மை அது.

வார நாட்களில் அவர் காரை எடுப்பதில்லை. நகரத்துக்குள் அதை நிறுத்த இடமும் கிடையாது, நிறுத்திவிட்டு நிம்மதியும் கிடையாது. கேபிள் காரில் ஏறி வேலைக்குப் போவார். சிவப்புக் கார் வீட்டு வாசலில் பூவோடு நிற்கும். கண்ணாடிக்கடையில் கூட வேலை செய்யும் நண்பன், 'கம்பாத்ரே' லிம்பெர்ட்டுக்குத் தினமும் காரின் குணாதிசயங்களை விவரிப்பது மட்டும் நிற்கவில்லை.

"சாதாரண வண்டி இல்ல கம்பாத்ரே. அதுக்குன்னு ஒரு மனசு இருக்கு. சனிக்கிழமை ஏறி உக்காந்தா சீட்டு முன்னாடி வந்திருக்கு. முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. பின்னாடி தள்ளி வெக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் முன்னாடி."

"குளிருக்குச் சுருங்குதோ என்னவோ."

"ரேடியோவும் அப்படித்தான். நான் செய்தி வெச்சிருப்பேன். போட்டா மொரெனாடா பாட்டு, அதுவும் முழுச் சத்தத்துல. பெட்ரோல் கேக்கவே வேணாம். நின்ன இடத்துலயே குடிக்குது."

லிம்பெர்ட் லென்ஸைத் துடைப்பதை நிறுத்தினான். முகம் மாறியது. "கோபகபானாவுல முதல்ல பாச்சமாமாவுக்கு ஊத்துனியா?"

பூமித்தாய் பாச்சமாமாவுக்குத் தரையில் முதல் மடக்கை ஊற்றாமல் யாரும் எதையும் தொடங்குவதில்லை. குரோவர் யோசித்தார். பாட்டில் விளக்கில் உடைந்தது. தரைக்கு ஒரு சொட்டும் போனதாக ஞாபகம் இல்லை.

"முடிஞ்சுது" என்றான் லிம்பெர்ட். "அவ தன் பங்கை இப்ப பெட்ரோலாக் குடிக்கிறா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பியர் ஊத்து. தாராளமா ஊத்து."

ஊற்றினார். தெரு சரிவு, பாச்சமாமா உறிஞ்சியது போக மிச்சம் ஓடிப்போய் அண்டைவீட்டு நாயின் தட்டில் சேர்ந்தது. இரண்டு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்த நாய் காருக்கு அடியிலேயே குடிவந்து, யார் நெருங்கினாலும் பாசமாக ஊளையிட்டது. பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டேதான் இருந்தது.

இதற்கு நடுவே ஓர் ஆச்சரியம். ஒரு நாள் சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பினால், காரின் பின்பக்கத்திலும் பூ. முன்னால் இருப்பதைவிடப் பெரிய மாலை. செவ்வந்தி மட்டுமில்லை, கிளாடியோலஸ் வேறு.

"யார் கட்டினது?"

"நான்தான்" என்றாள் நீவெஸ், தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"எதுக்கு?"

"முன்னாடி மட்டும் கட்டினா நல்லாவா இருக்கு? பொண்ணுக்கு ஒரு காதுல மட்டும் தோடு போட்ட மாதிரி."

குரோவர் வெளியே போய் அந்த மாலையை இன்னொரு தடவை பார்த்தார். இந்தக் காரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாதவள். மூக்கு நசுங்கின தவளை என்று பேர் வைத்தவள். அவள் தன் கையால் பூ கட்டியிருக்கிறாள்! அன்றிலிருந்து முன்னால் அவர் மாற்றினால் பின்னால் அவள் மாற்றினாள். ஒரு தம்பதிக்குள் இப்படி ஒரு போட்டி இருந்தால் பூக்கடைக்காரி கோட்டை கட்டலாம்.

அசுந்தா கட்டவில்லை. அவள் கடைக் கம்பமே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"என்ன ஆச்சு காசேரா? குடிகாரன் எவனாவது இடிச்சிட்டானா?"

"ஒரு மகாராணி வந்தா. இடிச்சிட்டுப் போயிட்டா" என்றாள் அசுந்தா, காம்பு நறுக்கிக்கொண்டே.

இந்த ஊரில் யாரிடமும் நேரான பதில் வாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டு குரோவர் மேட்டில் ஏறினார்.

கார்னவல் செவ்வாயும் வந்தது. வீடு, கடை, வண்டி எல்லாவற்றுக்கும் காகிதச்சுருள் கட்டி, பியர் தெளிக்கிற நாள். வில்சன் காலையிலேயே ஒரு பெட்டி பியரோடு வந்து இறங்கினான். சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.

"சரி மச்சான், நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்த வாடின பூ? எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாக் கட்டுவோம். அப்படியே கீறல் இருக்கான்னும் பாத்துடலாம்." சொல்லிக்கொண்டே முன்பக்க மாலையில் கை வைத்தான்.

குரோவர் பாய்ந்து விளக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தொடாதே!"

வில்சன் திகைத்துப்போய்ப் பின்பக்கம் நடந்தான். அங்கே நீவெஸ் இரண்டு கையையும் விரித்து, மாலையோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"தொடாதடா!"

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? குளிக்கிற இடத்துல ஆள் வந்துட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க?"

"கார்னவல் அன்னைக்குக் கட்டின பூவைப் பிடுங்குவாங்களாடா?" நீவெஸ்ஸின் பழைய மினிபஸ் குரல் தெருவையே நிறுத்தியது. "பாச்சமாமா சும்மா விடுவாளா உன்னை? உன் மினிபஸ்ஸை நினைச்சுப் பாரு!"

வில்சன் தன் மினிபஸ்ஸை நினைத்துப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான். காருக்கு அடியிலிருந்து நாய் ஆமோதித்தது.

"அப்ப கீறல்?"

"இல்ல" என்றாள் நீவெஸ்.

"நீயே சொல்றியாக்கா?"

"நானேதான் சொல்றேன். வண்டி இங்கேயே இருக்கட்டும். போ, போய் பாட்டிலைத் திற."

குரோவர் விளக்கின் மேலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வண்டி பிழைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. தனக்காக இவள் தம்பியையே எதிர்த்து நிற்கிறாள். தானோ ஒரு உடைந்த விளக்கைச் செவ்வந்திக்குள் ஒளித்துவைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம். போதும். சொல்லிவிட வேண்டியதுதான். விற்றால் விற்கட்டும். ஆனால் வெறுங்கையோடு சொல்ல முடியாது.

இறக்கத்தில் வேகமாக இறங்கி அசுந்தாவின் கடைக்குப் போனார்.

"இருக்கறதுலயே நல்ல ரோஜாவாக் குடுங்க காசேரா."

"ரோஜா வேணாம். விளக்குல கட்டினா ஒரே நாள்ல உதிர்ந்துடும்."

"காருக்கு இல்ல. நீவெஸ்ஸுக்கு. எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேன்."

அசுந்தா அவரை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள். அவள் பின்னால் ஒரு வாளி நிறைய கிளாடியோலஸ் இருந்ததை அப்போதுதான் குரோவர் பார்த்தார்.

"காசேரா, இன்னைக்காவது ஒருத்தர் எனக்கு நேராப் பதில் சொல்லுங்க. அவளும் உங்ககிட்டத்தான் பூ வாங்குறாளா?"

"ஆமா."

"அந்தக் காரை அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருக்கா?"

அசுந்தா தன் சாய்ந்த கம்பத்தைக் காட்டினாள். பியர் தெளிக்கிற நாளென்று சட்டைப்பையில் வைத்திருந்த கண்ணாடியைக் குரோவர் எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். கம்பத்தில், ஒரு காரின் பின்பக்கம் வருகிற உயரத்தில், நீளமாக ஒரு சிவப்புத் தீற்றல் இருந்தது.

"பிடிக்காமலா? என்ன, நீங்க வாங்க வரும்போதெல்லாம் நடந்து வர்றீங்க. அவங்க ஓட்டிக்கிட்டு வர்றாங்க."