முப்பத்திரண்டு சிப்பாய்களைப் புளி போட்டு விளக்கிய கதை

பெட்டிக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட உங்களுக்கு என்ன கேடு? "இது அழுக்கு இல்லை, தொடாதீக." அவ்வளவுதான் எழுதியிருக்கணும்.

உங்கள் பேரைப் போட மாட்டேன். சென்னையில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கிறவரே, படித்தால் உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் எனக்கு இருந்தது ஒரு சின்ன வேலை. பழைய கதவு இரண்டைச் சென்னையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஒரு வீட்டு வாட்ச்மேனிடம் அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிவர வேண்டும். தேவகோட்டையில் ரிட்டயர் ஆன சர்வேயர் சுப்பையா சாருடையது அது. நான் காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறவன் என்பதால், "நீங்கன்னா உடையாமக் கொண்டாருவீக" என்று நம்பிச் சொன்னார்.

உடையாமல்தான் கொண்டுவந்தேன்!

கடைக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். எதையும் திறந்து பார்த்து, குறை சொல்லி, விலையைக் குறைத்தே பழகின கை. அடுத்தவர் பெட்டி என்று அதற்குத் தெரியாது.

உள்ளே முப்பத்திரண்டு சிப்பாய்கள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. ஈயத்தில் வார்த்தது. மேஜை மேல் மலையும் காடும் செய்து, பகடை உருட்டி, நிஜமாக நடந்த சண்டையை மறுபடி விளையாடுவார்களாம். இவர்கள் பர்மாவில் ஜப்பான்காரனோடு மோதின நம்ம பட்டாளம்.

ஒருத்தராவது சுத்தமாக இருக்கணுமே! முழங்கால் வரைக்கும் சேறு. இரும்புத் தொப்பியில் துரு. சட்டை முதுகில் வேர்வை உப்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "காசையும் வாங்கிக்கிட்டு, குப்பையைக் கட்டிக் குடுத்திருக்கான் பாரு!"

என் கடையிலிருந்து ஒரு ஆணிகூட அழுக்கோடு வெளியே போனதில்லை. கடையில் பித்தளை விளக்குகிற பாண்டியம்மாவைக் கூப்பிட்டேன்.

"தண்ணியில அலசு."

அலசியது. சேறு அசையவில்லை.

"அண்ணே, இது அழுக்கு மாதிரித் தெரியலண்ணே. பூசுனது மாதிரி இருக்கு."

"காசு குடுத்து எவனாச்சும் சேத்தைப் பூசுவானா? புளியைப் போடு."

புளி, சாம்பல், தேங்காய் நார். ஒரு மணி நேரம் தேய்த்தது.

"அண்ணே, மூஞ்சியும் சேந்து போகுதுண்ணே."

"மூஞ்சியிலயும் அழுக்கு இருந்திருக்கும். கதவுக்குப் போடுற மருந்தை எடு!"

கதவில் ஏழு தரம் அடித்த பெயிண்டை உரிக்கிற மருந்து அது. சிப்பாய்கள் பத்து நிமிஷம் தாங்கவில்லை.

முப்பத்திரண்டு பேரும் வெள்ளியாக மின்னினார்கள். பாண்டியம்மா ஒருத்தரைத் தூக்கிப் பார்த்து, "நல்ல ஈயம்ணே. கொஞ்சம் பெருசா இருந்தா ரசம் வைக்கலாம்" என்றது.

பஞ்சு வைத்து அடுக்கி, தேவகோட்டைக்கு வண்டியை விட்டேன்.

சார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பர்மா. கறுப்புச் சேற்றில் ஒரு ஆறு, ஸ்பாஞ்சு மரங்கள். ஜப்பான் பட்டாளம் ஏற்கெனவே நின்றது, இடுப்பு வரை சேற்றோடு. அப்போதாவது எனக்கு உறைத்திருக்கணும். "அவுகளையும் குடுத்துவிடுங்க சார், சேத்து விளக்கிருவோம்" என்றேன்.

சார் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"இதுல சேறு இருந்துச்சே?"

"எடுத்தாச்சு சார்! மூணு தடவை!"

"ஆறு மாசமாப் பூசுனதுங்க அது."

பிறகு மெதுவாகச் சொன்னார். "அச்சு மொத்தமே நாலுதான். ஆளைப் பிரிக்கிறதே பெயிண்ட்டுதான். இதுல ஒருத்தரு எங்க அப்பா. பட்டாளத்துல எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. இடது கையில கட்டு, காதோரம் தழும்புன்னு அவுக சொன்னதை வச்சுப் பூசச் சொன்னேன். குனிஞ்சு நிக்கிற ஆளு."

குனிந்து நின்றவர்கள் எட்டுப் பேர்.

எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி, சார் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். எட்டுப் பேருக்கும் மூஞ்சியே இல்லை.

காபி கொண்டுவந்த அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "எட்டு மாமனாரா? ஒருத்தருக்கே இருபது வருஷம் காபி சூடு பத்தலையே!"

நான் விடுவேனா? "சேறுதானே சார், இந்தாங்க" என்று வாசலில் மண்ணை எடுத்துக் குழைத்து ஒருத்தருக்குப் பூசினேன்.

"இது நம்ம ஊரு செம்மண்ணுங்க. அங்குட்டுச் சேறு கறுப்புன்னு அப்பா சொல்லியிருக்காக."

அந்தச் சிப்பாய் காவடி எடுத்துவிட்டு வந்தவர் மாதிரி நின்றார்.

சார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் எகிறியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். "நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சீக" என்றார். காபியைக் குடித்தேன். சூடு பத்தவில்லை. குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு நானும் போனேன். சார் அந்த எட்டுப் பேரையும் மலைக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டார். எதிரில் ஜப்பான் பக்கம் ஆடினவர் சாருடைய அமராவதிபுதூர் நண்பர். "ஏம்ப்பா, அவுகளை இறக்க மாட்டியா?" என்று கேட்டார்.

"யாரு அப்பான்னு தெரியாம எப்படிப்பா சுட விடுறது?"

மிச்சம் இருபத்துநாலு பேர் காட்டுக்குள் ஒளிந்தார்கள். ஒளிந்த இடத்திலெல்லாம் டாலடித்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பர்மா ஜப்பான் கைக்குப் போய்விட்டது.

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒவ்வொரு சிப்பாயின் காலடியிலும் நீங்கள் கீறின நம்பர் மட்டும் தப்பியிருக்கிறது. எந்த நம்பர் யார் என்ற நோட்டு உங்களிடம் இருக்கிறதாம். நீங்களோ என் போனையும் எடுப்பதில்லை, சார் போனையும் எடுப்பதில்லை. முதல் தடவை நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்தான். அதற்கு இத்தனை நாளா?

நோட்டை எடுத்துக்கொண்டு வாங்க. சாருக்கு அவர் அப்பாவைக் காட்டுங்க. முப்பத்திரண்டு பேரையும் பழையபடி அழுக்காக்குங்க. கூலி நீங்க சொல்றதுதான், பேரமே பேச மாட்டேன்.

சேறு மட்டும் கொஞ்சம் கொசுறாப் போட்டுக் குடுங்க.