அக்கா என்று கூப்பிட்டவளுக்குப் பந்து கொடுத்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைத் திட்டாதவர்கள் ஒரு காலத்தில் இரண்டு வகையினர்தான். ஒன்று, பிள்ளைக்காம்பராவில் இன்னும் பேச்சு வராத குழந்தைகள். இன்னொன்று, அன்றைக்குக் காய்ச்சலில் படுத்து, பதுளைக்கு வர முடியாமல் போனவர்கள். (அவர்களும் காய்ச்சல் விட்டதும் விவரம் விசாரித்துக்கொண்டு வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.) ஊவா மாகாணத்தில் பெண்கள் கால்பந்துக்கு ரசிகர்களைச் சேர்த்தவர்கள் யார் என்று யாராவது கேட்டால், என் பெயரையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நன்றாக விளையாடிச் சேர்த்தேன் என்றால் அது பொய். எப்படிச் சேர்த்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. நமுனுகுல மலைக்குக் கீழே எங்கள் தோட்டம். எனக்கு இருபது வயதிருக்கும். அம்மாக்கள் கொழுந்தெடுக்க மலையேறிய பிறகு அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களில் எது எப்போது கவிழும் என்று கண் வைத்திருந்து, விழுகிற பிள்ளையைத் தரை தொடுமுன் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் தொழிற்சாலை டீமேக்கர் ஐயாவுக்குப் பந்தென்றால் பைத்தியம். தேயிலை வறுபடும் நேரத்திலும் வாசலில் நின்று எதையாவது உதைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பிள்ளைக்காம்பரா பக்கம் வந்தவர், நான் ஒரு கையால் ஒரு பிள்ளையையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்ததைப் பார்த்துவிட்டார். "பரமு, நீதான் நம்ம கோல் கீப்பர்" என்றார். அவர் கொழுந்து எடுக்கும் பெண்களைச் சேர்த்து ஒரு பந்துக் கோஷ்டி அமைத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த வருஷம் தோட்டங்களுக்கிடையே பெரிய கால்பந்துப் போட்டி. இறுதி ஆட்டம் பதுளை நகரத்து மைதானத்தில். அந்த இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஆட்டம் ஒன்று நடத்தலாம் என்று டீமேக்கர் ஐயா கமிட்டிக்காரர்களை மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்திருந்தார். எங்களுக்கு எதிராகத் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. கமிட்டி ஒரு நிபந்தனை போட்டது. கூட்டம் கூச்சல் போட்டு ஆட்டம் கேலிக்கூத்தாகப் போனால், இனி பெண்கள் பந்து என்ற பேச்சே கூடாது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விட்டுத்தந்திருந்த பெரட்டுக்களத்தையும் பையன்களிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நாங்கள் கூனிக்குறுகி நிற்கும் அந்தக் களத்தில், வாரத்தில் ஒரு மாலை மட்டும் நாங்கள் ஓடினோம். அதுவும் போய்விடும்.

என் அப்பா அப்போது தோட்டத் தலைவர். தொழிலாளர்களுடைய குறைகளைத் துரையிடம் எடுத்துப் போய்ப் பேசும் சங்கத் தலைவர். எதையும் மெதுவாகப் பேசுவார், குரலை உயர்த்த மாட்டார். டீமேக்கர் ஐயா எங்கள் லயத்து வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார்.

"ஒரு பெரிய போட்டியில ஒரே ஒரு தடவ பொண்ணுங்க ஆடட்டும் தலைவரே. அப்புறம் பாருங்க, சனம் இவுங்க பின்னாடிதான் வரும்."

"வரும்ங்க. சிரிக்க வரும்" என்றார் அப்பா. "சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிரும். அடுத்த ஞாயித்துக்கெழம ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க."

இருந்தாலும் என்னைத் தடுக்கவில்லை. முழுக்கால் சட்டை போடவேண்டும் என்று மட்டும் சொன்னார். பார்க்க வருவீர்களா என்று கேட்டதற்கு, தனக்குச் சங்கத்து வேலை இருக்கிறது என்றார். ஆக, அண்ணனுடைய பழைய காற்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நான் வீராங்கனை ஆனேன்.

சட்டைக்குத்தான் திண்டாட்டம். கடையில் சிவப்புச் சட்டை வாங்க வழியில்லை. பதுளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரிடம் வெள்ளைப் பெனியன்களும் சிவப்புச் சாயத்தூளும் வாங்கினோம். அவர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "தண்ணி நல்லாக் கொதிக்கணும் புள்ள, உப்பும் போடணும். இல்லாட்டிச் சாயம் நிக்காது" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். சாயம் போட்ட அன்று விறகெல்லாம் ஈரம். தண்ணீர் புகைந்ததே தவிரக் கொதிக்கவில்லை. ஆனால் பெனியன்கள் செம்பருத்திப் பூப்போல வெளியே வந்தன. நிறத்தைப் பார்த்த மயக்கத்தில் யாரும் உப்பைப் பற்றி நினைக்கவில்லை.

ஆட்டத்தன்று தோட்டத்து லொறியில் பாடிக்கொண்டு போய் இறங்கினோம். மைதானத்தைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. அத்தனை சனத்தை நான் தேர்த் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. கடைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாத் தோட்டத்து ஆட்களும். அவ்வளவு பேரும் எங்களைப் பார்த்ததும் சிரித்தார்கள். "கூடைய எங்க அக்கா வச்சிட்டு வந்தீங்க" என்று யாரோ ஒருவன் கேட்டான். எங்கள் கேப்டன் அன்னக்கிளி மட்டும் அவன் பக்கம் திரும்பி, "ஒந் தலையில கவுத்து வச்சிருக்கேன் பாரு" என்றாள். கூட்டம் அதற்கும் சிரித்தது.

முதல் பந்து என்னிடம் வந்தது. பாய்ந்து பிடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். கை பழக்கதோஷத்தில் பந்தைத் தோளில் சாய்த்துப் போட்டு முதுகில் தட்டிக்கொடுத்தது. (பந்துக்கு ஏது முதுகு என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.) மைதானமே குலுங்கிச் சிரித்தது. "பரமு, தூங்கிருச்சா?" என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்தது. அன்னக்கிளி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். தினமும் செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கும் கால்கள் அவை. சமதரை அவளுக்கு விளையாட்டு. இரண்டு மூன்று பேரை ஒதுக்கிவிட்டு அவள் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிரிப்புச் சத்தம் நின்று, மைதானம் முழுதும் ஒரே குரலில் "ஆ…" என்றது. சனம் சிரிப்பதை விட்டு ஆட்டத்தைப் பார்க்கிறது. டீமேக்கர் ஐயா கோட்டோரமாகக் குதித்துக்கொண்டிருந்தார். தற்செயலாகத் திரும்பினால், என் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடையோடு அப்பா. சங்கத்து வேலை என்னவாயிற்று என்று கேட்கத் தைரியமில்லை. அவரும் என்னைத் தெரியாதவர் போல நமுனுகுல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பாதியில் மழை பிடித்தது. பதுளை மழை சொல்லிவிட்டு வராது. வந்த வேகத்தில் எங்கள் சாயம் கரைந்து கை வழியாகவும் கால் வழியாகவும் ஓடியது. வெட்டுப்பட்டவர்கள் போல எல்லோரும் நின்றோம். முன்வரிசையில் ஒரு பெரியவர் நிஜமாகவே இரத்தம் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். சிவப்புப் போய் எங்கள் பெனியன்கள் வெளுத்தன. தெமோதரைக்காரிகளுடைய வெள்ளைச் சட்டைகளோ சேற்றில் புரண்டு செம்மண் நிறமாயின. மலையிலிருந்து பனிமூட்டமும் இறங்கியது. கடைசியில் மைதானத்தில் ஓடியவர்கள் எல்லோரும் ஒரே நிறம். எல்லோருக்கும் ஒற்றைப் பின்னல், முகமெல்லாம் சேறு.

அதுவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப்போகும் நேரம். எனக்கு வந்த பந்தைப் பிடித்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். பக்கத்தில் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பரமக்கா, இங்க. எனக்குக் குடுங்கக்கா."

எவ்வளவு மரியாதையான பிள்ளை. அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவளுக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. பந்தைப் பக்குவமாக அவள் காலடிக்கு உருட்டிவிட்டேன். "இந்தாம்மா" என்றுகூடச் சொன்னேன். அவள் அதை என்னைத் தாண்டி வலைக்குள் அடித்துவிட்டு, தெமோதரைப் பக்கத்து ஆட்களை நோக்கிக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்ம பிள்ளை ஏன் நம்ம வலையிலேயே அடிக்கிறாள் என்று அவள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. பிறகு அன்னக்கிளி தலையில் கைவைத்துக்கொண்டு சேற்றில் உட்காருவது தெரிந்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது. அந்த நிமிஷம் என் காலுக்குக் கீழே இருந்த சேறு இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். போட்டியும் போயிற்று, களமும் போயிற்று.

நான் அதிர்ந்து நின்றது அதற்காக மட்டுமல்ல. அடுத்து நடந்ததுதான் இன்றைக்கும் நம்ப முடியாதது. பின்னாலிருந்து ஒரு குடை பறந்து வந்து என் பக்கத்தில் விழுந்தது. குரலை உயர்த்தாத என் அப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கி நடுவரிடம் போனார். நடுவர் ஒரு சிங்கள வாத்தியார், தமிழும் பேசுவார்.

"இந்தக் கோல் செல்லாதுங்க மாத்தயா" என்றார் அப்பா.

"ஏன் செல்லாது?"

"அந்தப் பொண்ணு எம் பொண்ண அக்கான்னு கூப்புட்டு ஏமாத்திருக்கு. இவ அவளுக்கு அக்கா இல்ல. எனக்கு இவ ஒரே பொண்ணு."

நடுவர் விசிலிலிருந்த தண்ணீரை உதறினார். "அக்கா சொல்றது பவுல் இல்லை ஐயா" என்றார்.

"அப்ப நியாயம் கெடைக்கிற வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு அப்பா மைதானத்தின் நட்டநடுவில், தண்ணீரில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைகாட்டினார். அவ்வளவுதான். எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும், அம்மா உட்பட, இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். சங்கத்து வேலைநிறுத்தம் பந்து மைதானத்தில் ஆரம்பமாகிவிட்டது. கொஞ்சம் முன்னால் எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும், காரணம் தெரியாமலேயே நியாயம் எங்கள் பக்கம் என்று உட்கார்ந்தார்கள். தெமோதரைக்காரர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். ஆண்களின் இறுதி ஆட்டத்துக்கு உடுத்தி வந்தவர்கள் கோட்டோரத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் கமிட்டிக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டு, மறு ஆட்டம் வைக்கிறோம், எழுந்திருங்கள் என்றார்கள்.

அதன்பிறகு என் பிழைப்பு நாறிவிட்டது. மலையில், குழாயடியில், கோயிலில், எங்கும் அதே பேச்சு. "கண்ணு தெரியாதவள வச்சா கோல் காக்கச் சொன்னீங்க" என்று, பந்தை வாழ்நாளில் தொட்டிராத மாமிமார் டீமேக்கர் ஐயாவோடு சண்டைக்குப் போனார்கள். அந்த நேரத்தில் பந்தைக் காலால் தடுத்திருக்க வேண்டும் என்று ஒருத்தி, தூர அடித்திருக்க வேண்டும் என்று இன்னொருத்தி. எனக்குப் புத்தி சொல்வதற்காகவே ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்துக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்களில் சிலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இப்புடிப் புடிக்கணும் பரமு" என்று தாங்களே இறங்கிவிட்டார்கள். களத்தைத் திருப்பிக் கேட்க வந்த பையன்கள் நிற்க இடமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

மறு ஆட்டத்துக்கு இன்னும் அதிகமான சனம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்துகூட நடந்து வந்திருந்தார்கள். இந்த முறை சிரிக்க வந்தவர்கள் குறைவு, சண்டைபோட வந்தவர்கள்தான் அதிகம். நான் மூன்று கோல் வாங்கினேன். மூன்றும் நேர்மையாக வாங்கியவை, யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. தோற்றுத் திரும்பும்போது டீமேக்கர் ஐயா பெருமை தாங்காமல் அப்பாவிடம் சொன்னார்.

"பாத்தீங்களா தலைவரே, நாஞ் சொன்னேன்ல. பெரிய போட்டி ஒண்ணு வச்சா சனம் வந்துரும்னு."

"போட்டியா?" என்றார் அப்பா. "எம் பொண்ணு பண்ணுன கூத்துக்கு வந்த சனம்ங்க இது. ஒழுங்கா ஜெயிச்சிருந்தா கையத் தட்டிட்டு மறந்திருப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்தச் சனத்தில் முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அவர் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை. ஒவ்வொரு முறையும் என் கம்பத்துக்குப் பின்னால் வந்து நின்று, பந்து என் கைக்கு வந்ததும், "அந்தா நிக்கிறாளே, அவ நம்ம ஆளு இல்ல. இந்தப் பக்கம் நிக்கிறவதான் நம்ம ஆளு" என்று மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

சில வருஷம் கழித்துப் பண்டாரவளைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. மணவறையில் மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். பக்கத்தில் மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன், அவர்களோடு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை வேட்டி சட்டையில். மேளம் ஒரு நொடி ஓய்ந்தது. எனக்குப் பின்னாலிருந்து அந்த மெதுவான குரல் கேட்டது.

"பரமு, நிதானமா பாத்துப் போடும்மா. யாராச்சும் கூப்புட்டா திரும்பாத."

எங்கள் தோட்டத்து ஆட்கள் சிரித்த சிரிப்பில் ஐயருக்கு மந்திரம் தவறிவிட்டது. ஒன்றும் புரியாமல் விழித்த மாப்பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அடி முன்னால் வந்து, தன் கழுத்தைத் தானே நீட்டினார்.