யோசேப்பின் ஆறு கணக்குகள்

“இனி உள்ளுக்குப் போய் மினக்கெடத் தேவையில்லை, தம்பி. காசை இதுக்குள்ள வையுங்கோ, அதுவே எண்ணி எடுக்கும்,” என்றார் காவலாளி சிங்கராசா.

மன்னார் நகரத்தில் இருந்த அந்த வங்கியின் வாசலில் அன்று காலையில்தான் காசு போடும் இயந்திரத்தைப் பொருத்தியிருந்தார்கள். யோசேப் அதைத் தன் வாழ்க்கையைக் கெடுக்க வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் கையில் ஐந்நூறு ரூபாய் இருந்தது. எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசாலையிலிருந்து பஸ்ஸேறி வந்து ஐந்நூறு ரூபாய் போடுகிறான். ஐந்நூறு ரூபாய்க்கு அல்ல, இரண்டாம் கவுண்டரில் இருக்கும் பிறின்சிக்காக.

யோசேப் படகு எஞ்சின் திருத்துகிறவன். முப்பத்துமூன்று வயது. பழுதான எஞ்சினோடு மணிக்கணக்காகப் பேசுவான். பிறின்சியிடம் எட்டு மாதத்தில் அவன் சொன்னது தன் கணக்கிலக்கத்தை மட்டும்தான். அதையும் ஒரு தரம் பிழையாகச் சொன்னான்.

சிங்கராசா தோளில் கைவைத்து நிற்கையில் வேறு வழியிருக்கவில்லை. காசை வைத்தான். இயந்திரம் அதை விழுங்கிவிட்டு, நன்றி என்று அச்சடித்த துண்டொன்றை நீட்டியது. பிறின்சி ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. முகத்தைக்கூட நிமிர்த்தாமல் “அடுத்த ஆள்” என்பாள். அந்த ‘அடுத்த ஆளை’க் கேட்காமல் பஸ்ஸேறியபோது, கடற்பாலத்துப் பக்கமிருந்து வந்த காற்றுக்கூட அவனுக்கு உப்பில்லாமல் இருந்தது.

இயந்திரத்தால் புதுக் கணக்குத் திறக்க முடியாது என்பது அவனுக்கு வியாழக்கிழமை, ஒரு எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உதித்தது.

“ஏற்கனவே ஒண்டு இருக்குத்தானே?” என்று கவுண்டரில் வைத்து அவனைக் கேட்டாள் பிறின்சி.

“அது செலவுக்கு. இது சேமிக்க.”

அவள் முதல் தரமாக நிமிர்ந்து பார்த்தாள். “ரெண்டையும் பிரிச்சு வைக்கிறது நல்லது,” என்று சொல்லி ஒரு படிவத்தைத் தந்தாள்.

அந்தக் கணக்கைத் திறக்க அவன் நான்கு தரம் போகவேண்டி வந்தது. முதல் நாள் படிவத்தில் எஞ்சின் எண்ணெய் பட்டிருந்தது. “புதுசா எழுதிக்கொண்டு நாளைக்கு வாங்கோ,” என்றாள். இரண்டாம் நாள் கிராம சேவகரின் கடிதம் இல்லை என்றாள். மூன்றாம் நாள் வீட்டு மின்சாரத்துக்கான லைற் பில் இல்லை என்றாள். நான்காம் நாள் அவன் கொடுத்த படத்தில் காது தெரியவில்லை. உடனே போய்த் தலைமயிரை வெட்டிப் புதுப்படம் எடுத்துக்கொண்டு, வங்கி பூட்டுவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஓடிவந்து சேர்ந்தான். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். “இப்ப பறவாயில்லை,” என்றாள்.

வங்கிகள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்காக யோசேப் தன் பெயர்கொண்ட புனித யோசேப்புக்கு அன்று ஒரு மெழுகுதிரி கொளுத்தினான்.

ஆனால் அடுத்த வெள்ளி சிங்கராசா அவனை மறுபடியும் வாசலிலேயே மறித்தார். புதுக் கணக்குக்கும் அந்த இயந்திரமே காசு வாங்குமாம்.

அதனால் யோசேப் நிலையான வைப்புக்குப் போனான். சொந்தமாக ஒரு பட்டறை போடுவதற்காகச் சேர்த்த தொண்ணூறாயிரத்தையும் எடுத்து ஒரு வருடத்துக்கு வைப்பிலிட்டான். அதற்கு இரண்டு நாள் கவுண்டரில் நிற்கக் கிடைத்தது. திரும்பி வரும் பஸ்ஸில், தலைமன்னார் வீதியின் பனைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: இனி ஒரு வருடத்துக்கு அங்கே அவனுக்கு எந்த வேலையும் இல்லை.

அடுத்த கிழமையே வைப்பை முறித்தான்.

“ஒரு கிழமையில முறிக்கிறதெண்டா ஏன் போட்டனீங்கள்? வட்டியும் போச்சு,” என்றாள் பிறின்சி. அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

“ஒரு அவசரம்.”

“என்ன அவசரம்?”

யோசேப் கவுண்டர் விளிம்பில் தன் விரல் பதித்த எண்ணெய்க் கறையைத் துடைத்தான். அவள் பெருமூச்சு விட்டு, ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கட்டம் கீறினாள். காசை மூன்றாகப் பிரித்து, வேறு வேறு மாதத்தில் முடியும்படி போட்டால் அவசரத்துக்கு எதையும் முறிக்கத் தேவையில்லை என்று விளக்கினாள். “ஒவ்வொண்டும் முடிய முடிய நீங்கள் ஒருக்கா வந்தாப் போதும்.”

அவள் சொன்னபடியே மூன்று வைப்பாகப் போட்டுவிட்டு, அந்தத் தாளை அவன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பின்னர் அக்கா பெற்றிசியாவின் மகளுக்கும் ஒரு சிறுவர் கணக்குத் திறந்தான். அதற்கு ஐந்து தரம் போனான். ஆக மொத்தம் ஆறு கணக்கு.

உடுப்புத் தோய்க்கையில் பெற்றிசியா அவன் பையிலிருந்து வங்கிப் புத்தகங்களையும் அந்தத் தாளையும் கண்டெடுத்தாள். தம்பி பொறுப்புள்ளவனாகிவிட்டான் என்று அழுதாள். பிறகு பேசாலை முழுக்கச் சொன்னாள். ஒரு மாதத்துக்குள் எஞ்சின் திருத்த வருகிறவர்களைவிடச் சேமிப்புப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். மாதா கோவில் சுவாமியார் ஞாயிறு பூசை முடிய அவனைப் பேசக் கூப்பிட்டார். யோசேப் அந்தத் தாளை விரித்து, பிறின்சி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தான். அவ்வளவு உருக்கமாக வட்டியைப் பற்றி எவரும் பேசி அவர்கள் கேட்டதில்லை. பின் வரிசையில் இருந்த பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

திங்கட்கிழமை பதினேழு குடும்பங்கள் தங்கள் காசை அவனிடம் கொடுத்து வங்கியில் போடச் சொன்னார்கள். கருவாடு விற்ற காசு, வலை வாங்கச் சேர்த்த காசு. அவன் மறுக்கவில்லை. அவ்வளவு காசை இயந்திரம் ஏற்காது; பதினேழு பேரின் காசு என்றால் கவுண்டரில் முக்கால் மணித்தியாலம்.

மூன்றாவது மாதம் முகாமையாளர் அவனை அறைக்குள் கூப்பிட்டார். சிவலட்சுமி என்ற அந்த அம்மா அப்போதுதான் வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். மேசையில் வங்கியின் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த கடிதம் கிடந்தது. எஞ்சின் திருத்தும் ஒருவருக்கு ஏன் ஆறு கணக்கு, ஏன் போட்டுப் போட்டு எடுக்கிறார், கொண்டுவரும் காசெல்லாம் யாருடையது என்று அதில் கேட்டிருந்தார்கள். சரியான பதில் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்களாம், பதினேழு குடும்பங்களின் காசையும் சேர்த்து.

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பிறின்சி தலைகுனிந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தன்னால் அவளையும் விசாரிப்பார்களோ என்ற பயம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

“அது சனத்தின்ர காசு, அம்மா. ஒவ்வொருத்தரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவன். கள்ளம் ஒண்டும் இல்லை.”

“அப்ப ஏன் இவ்வளவு கணக்கு?”

“எனக்கு இஞ்ச வாறது விருப்பம்.”

“வங்கிக்கோ?”

“ஓம். ஏசி இருக்கு.”

சிவலட்சுமி அம்மா அவனை ஆழமாகப் பார்த்தார். வெயிலில் வேலைசெய்யும் மனிதனின் ஏக்கம் என்று எண்ணினாரோ என்னவோ, அவர் குரல் இளகியது. பேசாலைச் சனத்துக்கு வங்கியின் வாகனத்தையே ஊருக்கு அனுப்பலாம் என்றார். அவனுடைய கணக்குகளை ஒன்றாக்கி, எல்லாவற்றையும் அவனுடைய தொலைபேசிக்குள் போட்டுத் தருவதாகச் சொன்னார். தன்னுடையது பழைய பொத்தான் தொலைபேசி என்று யோசேப் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவன் பைக்குள் ஏதோ ஒரு பாட்டு முழுவீச்சில் ஒலித்தது. அக்காவின் வீடியோ அழைப்பு.

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. “இனி நீங்கள் இஞ்ச வரவே தேவையில்லை,” என்று சிவலட்சுமி அம்மா சந்தோசமாகச் சொல்லி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைக் காட்டினார். யோசேப் வைத்தான். பேனை கனத்தது. கண்ணாடிக்கு அப்பால் பிறின்சி எண்ணிய நோட்டுக் கட்டையே மூன்றாம் தரமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவன் எழுந்து கதவடிக்குப் போய்விட்டான். அவனுடைய கோப்பு மூட முடியாத அளவு தடித்திருந்ததால், சிவலட்சுமி அம்மா அதற்குள் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

“நில்லுங்கோ தம்பி. கிராம சேவகர் கடிதம், லைற் பில், காது தெரியிற படம்... இதில ஒண்டையும் எங்கட வங்கி கேக்கிறதில்லையே, உங்களை ஆர் இவ்வளவு தரம் வரச் சொன்னது?”