ரேகை விழாத முப்பத்தொரு பேர்

விருதுநகர்,
14-9-2008

அன்பு மாப்பிள்ளை இசக்கிப்பாண்டிக்கு,

அத்தான் சங்கையா எழுதிக்கொண்டது. இங்கே வெயிலையும் உன் அக்கா பஞ்சம்மாளின் மூட்டுவலியையும் தவிர எல்லாம் சுகம். அங்கே காரியாபட்டியில் நீயும் பிள்ளைகளும் மாடுகன்றுகளும் சுகமாக இருக்க இருக்கன்குடித் தாய் பார்த்துக்கொள்வாள். செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் செல்லில் பேசினால் தெருவுக்கே கேட்கும், தெருவுக்கு முன்னால் உன் அக்காவுக்குக் கேட்கும். அதனால் நம் மிளகாய் வற்றல் கடையில் உட்கார்ந்து, தும்மிக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயம் உன் மருமகள் பாண்டிமீனாவைப் பற்றியது. மதுரையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லி, இங்கே ஸ்டேஷன் பக்கத்தில் தையல்கடை மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்தாளே, அப்போதே நான் கேட்டேன், எடைபோட முடியாத சரக்கை எப்படியம்மா விற்பாய் என்று. இருந்தாலும் பெற்ற மனம் கேட்குமா? நானே அலைந்து ஒரு பெரிய ஆர்டர் பிடித்துக் கொடுத்தேன். வெம்பக்கோட்டை தாண்டிப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற முனியசாமி அண்ணாச்சியை உனக்குத் தெரியும்தானே. நூற்றிருபது பேர் வேலை பார்க்கிற இடம். ஆட்கள் காலையில் விரலை வைத்தால் யார் வந்தார்கள் என்று காட்டுகிற மெசின். மெசின் வெளியூரிலிருந்து வந்தது, அதற்குள் இருக்கிற மூளை பாண்டிமீனாவுடையது.

முதல் நாள் அண்ணாச்சி பூஜை போட்டார். போட்டவர் சும்மா இருக்காமல், விரல் வைக்கிற கண்ணாடியில் மூன்று பட்டை சந்தனம் இழுத்து நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். பாண்டிமீனா பதறிப்போய்த் துடைக்கப் போக, சாமிப் பொட்டை அழிக்கலாமா என்று பூசாரி சண்டைக்கு வர, அன்று முழுவதும் மெசின் ஒருவர் விரலையும் எடுக்கவில்லை. மறுநாள் சந்தனத்தைத் துடைத்ததும் ஆம்பளை ஆட்களை எல்லாம் எடுத்தது. பெண்களில் முப்பத்தொரு பேரை மட்டும் எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டது. என்னவென்று பார்த்தால், பத்து வயதிலிருந்து பட்டாசுக் குழாய்க்குத் தாள் சுருட்டியும் வெடிமருந்து தடவியும் அவர்கள் விரலில் ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. எச்சில் தொட்டுப் பார்த்தார்கள், சேலையில் துடைத்துப் பார்த்தார்கள், எண்ணெய் தேய்த்துப் பார்த்தார்கள். வெள்ளைத்தாய் என்று ஒரு பொம்பளை, பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, “கால் வெரல வச்சா எடுக்குமா தாயி? அது இம்புட்டுத் தேயல” என்று கேட்டாளாம்.

இப்படி விரல் விழாதவர்களைத் தனியாக ஒரு பட்டியலில் காட்டும், கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்த்து டிக் போட வேண்டும், அப்படித்தான் செய்திருக்கிறேன் என்று பாண்டிமீனா சொல்லியிருந்தாள். ஆனால் சனிக்கிழமை சம்பளத்தன்று பார்த்தால் முப்பத்தொரு பேரும் வாரம் முழுக்க வரவில்லை என்று அச்சடித்து வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு என்ன வந்ததோ யார் கண்டது? வேலை பார்த்தவர்கள் வெறும் தூக்குவாளியோடு வீட்டுக்குப் போனார்கள். அண்ணாச்சிக்கோ கூலி மிச்சம் என்று வாயெல்லாம் பல். அவருடைய மற்ற இரண்டு கம்பெனிக்கும், கொழுந்தியாள் வீட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கும் சேர்த்து ஒரே தடவையில் ஆர்டர் தருவதாக எனக்குப் போன் போட்டார். ஒரு வருஷத்துக்குப் பாண்டிமீனா வாடகையைப் பற்றியோ, வேலைக்கு இருக்கிற இரண்டு பிள்ளைகளின் சம்பளத்தைப் பற்றியோ கவலைப்பட வேண்டியதில்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வெள்ளைத்தாய் எங்கள் வீடு தேடி வந்து அழுதிருக்கிறாள். திங்களும் செவ்வாயும் இவள் போய், அண்ணாச்சி கம்பெனி கேட்டுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் ஒரு நோட்டோடு உட்கார்ந்து, உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராக எழுதினாள். எம்.சி.ஏ. படித்தவள் பென்சிலால் எழுதினாள் மாப்பிள்ளை. புதன்கிழமை அண்ணாச்சி முன்னால் அதை வைத்தாள். நானும் கூட நின்றேன்.

“வந்த ஆள வரலைன்னு சொல்ற மெசின நான் விக்க மாட்டேன் அண்ணாச்சி. தப்பு எங்க கம்பெனி மேலதான். அவுக கூலியக் குடுத்துருங்க” என்றாள்.

“மெசினு பொய் சொல்லுமா தாயி?”

“சொல்லச் சொன்னா சொல்லும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கொடுக்க முடியாது என்றால் மெசினைக் கழற்றுகிறேன் என்றாள். கழற்று பார்ப்போம் என்றார். கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாளே பார்க்கலாம். வாங்கிய அட்வான்சை மேசையில் வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, மெசினைத் துண்டில் சுற்றி என் மடியில் கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேரப்பிள்ளையைத் தூக்கி வருகிறவன் மாதிரி விருதுநகர் வரை வந்தேன். பார்த்தவன் எல்லாம் சிரித்தான்.

சீசன் நேரத்தில் ஆட்கள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் வியாழக்கிழமை அண்ணாச்சி பாதிக் கூலி கொடுத்தார். மீதி தீபாவளிக்கு அப்புறமாம். இவளுக்கு எல்லா ஆர்டரும் போனது. தீப்பெட்டி ஆபீசும் போனது. தப்பை எவன் தலையிலாவது கட்டுவதுதானே யாவாரம்? தன் கம்பெனி மேல் தப்பு என்று தானே போய்ச் சொல்கிற முதலாளியை நாற்பது வருஷ வற்றல் யாவாரத்தில் நான் கண்டதில்லை. இப்படி ஒரு பிள்ளை என் வயிற்றில்... உன் அக்கா வயிற்றில் பிறந்ததே என்று ஒரு பக்கம் நெஞ்சு நிறைகிறது. மறுபக்கம் அடுத்த மாத வாடகை. ஆகவே தாய்மாமன் என்கிற முறையில் நீ வந்து, லாபமும் வேண்டும், நியாயமும் வேண்டும், கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ, அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை பேசு என்று அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பாள்.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல். கடலை நல்லபடியாக விளைந்து, களம் நிறையட்டும். பிள்ளைகள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
சங்கையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போய் மறுபடி பிரித்துவிட்டேன். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் வரவில்லை மாப்பிள்ளை. மெசின் வைத்த மறுநாள் செவ்வாய்க்கிழமை நானும் அங்கே இருந்தபோது, முகம் பார்த்து டிக் போடுவது பெரிய தொந்தரவாக இருக்கிறதே என்று அண்ணாச்சி சலித்துக்கொண்டார். எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும் என்று காட்ட, பாண்டிமீனா என் பெயரில் கொடுத்திருந்த கடவுச்சொல்லைப் போட்டு, விரல் விழாதவர் வரவில்லை என்று மாற்றி வைத்தவன் நான்தான். யார் எதை மாற்றினாலும் பெயரும் மணியும் அதில் பதிந்துவிடுமாம். பதினொன்று பத்து, சங்கையா என்று இருந்ததை அவள் புதன்கிழமைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் எங்கள் கம்பெனி மேல் தப்பு என்றாள். இன்று காலையில் காப்பியை வைத்துவிட்டு, “இனிமே அதுல கை வைக்காதீகப்பா” என்றாள். அவ்வளவுதான். அவளுக்குப் புத்தி சொல்ல நீ வர வேண்டாம். நாளை வெள்ளைத்தாய் வீட்டில் ஆரம்பித்து, முப்பத்தொரு வீட்டுக்கும் போய், செய்தது நான்தான் என்று சொல்லி, மீதிக் கூலியை என் கைக்காசிலிருந்தே கொடுக்கப் போகிறேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. எந்த வீட்டில் இருப்பேனோ தெரியாது, இந்தக் கடிதம் கிடைத்ததும் கிளம்பி வா.