எட்டேழு ஐம்பத்தெட்டு

பிழையான கணக்கைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. சாத்தானே சொன்னாலும் திருத்துவேன். வீம்புக்குச் சொல்லவில்லை, நூற்றுப் பன்னிரண்டு பேர் சாட்சி.

யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கணக்கு வாத்தியார். ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணினேன். இப்போது ஓய்வு, வீட்டுப் படிகளை எண்ணுகிறேன் (பதினேழு, ஒன்று உடைந்தது, ஆனாலும் படிதான்).

என் மகள் கௌசியின் கணவன் யோனாஸ் ஜெர்மன்காரன். எண்பதுகளில் எடுத்தது போல மங்கல் நிறத்தில் ஒரு பேய்ப்படம் எடுத்தான். ஒரு சிற்றூரில் யாரோ சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று வதந்தி பரவ, அயலவர் ஒருவரையொருவர் சந்தேகப்படும் கதை. படம் ஆமை வேகம். முதல் நாற்பது நிமிடத்தில் ஒரு கதவு மூன்று தரம் திறக்கும், அவ்வளவுதான். ஊர்த் திரைப்பட விழாவில் அவனுடைய மூன்று படங்கள் ஏற்கெனவே தோற்றிருந்தன. இதுவும் தோற்றால் கமராவை விற்றுவிட்டுத் தகப்பனோடு குளியலறைக்கு ஓடு பதிக்கப் போவதாகக் கௌசியிடம் சொல்லியிருந்தான்.

"மாமா, சாத்தானுக்கு உங்கட குரல் வேணும். தமிழில பயமா ஏதாவது சொல்லுங்கோ," என்றான் (தமிழ் கௌசி பழக்கியது).

"ஏலாது. அதுகளைக் கூப்பிட்டா வந்திடுங்கள்."

கடைசியில் ஏழாம் வாய்ப்பாட்டுக்குச் சம்மதித்தேன். கணக்குக்குள் பேய் குடியிருக்காது என்பது என் நம்பிக்கை. நிலவறையில் பதின்மூன்று மெழுகுதிரி வைத்திருந்தான். நான் ஒன்றை ஊதிப் பன்னிரண்டாக்கினேன். எட்டேழுக்கு வரும்போது, எனக்குப் பயம் வரட்டும் என்று அவன் ஆட்டுத்தலை முகமூடியோடு முன்னால் எழும்பினான். என் வாய் குழறியது. என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

தெரிந்தது விழாவில்தான். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. பக்கத்தில் என் மனைவி சரோ. திரையில் இருட்டு நிலவறை. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல என் குரல்: "ஓரேழு ஏழு... ஈரேழு பதினாலு..." முன் வரிசைப் பெண் தன் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எட்டேழு... ஐம்பத்தெட்டு."

அதற்குப் பிறகு படத்தில் ஒரு சத்தமும் இல்லை. பதினொரு வினாடி பொறுத்தேன். பன்னிரண்டாவதில் எழும்பிவிட்டேன்.

"பிழை. எட்டேழு ஐம்பத்தாறு."

கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற பழைய வகுப்பறைக் குரல். நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த மண்டபமே அலறியது. சோளப்பொரி பறந்தது. ஒன்பது பேர் வெளியே ஓடினார்கள்; அதில் ஒருவர் கையெல்லாம் பச்சை குத்திய மல்லன்.

சரோ என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "இருங்கோப்பா. பெடியன்ர படத்தைக் கெடுத்துப்போட்டியள்."

"பிழையெல்லோ சொல்லுது, சரோ."

"சாத்தான் பிழையாச் சொன்னா உங்களுக்கென்ன? நீங்களே அதுக்கு வாத்தியார்?"

மிச்சப் பதினாலு நிமிடமும் நான் படம் பார்க்கவில்லை. யோனாஸ் முழங்காலில் நின்று ஓடு பதிப்பதைத்தான் மனதில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்தது. ஓடிய ஒன்பது பேரும் திரும்பி வந்து நின்றபடியே கைதட்டினார்கள். பார்வையாளர் பரிசு யோனாஸுக்கு: எண்பத்தொரு வாக்கு (நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்). சாத்தானை அயலவனாக நம் பக்கத்துக் கதிரையிலேயே இருத்திவிட்டான், என்ன துணிச்சல் என்று விழாத் தலைவி புகழ்ந்தார்.

யோனாஸ் ஓடி வந்தான். "மாமா, என்ன சொன்னனீங்கள்?"

"உன்ர சாத்தானுக்கு வாய்ப்பாடு தெரியாது. திரும்பப் பதிவு செய்வம்."

"வேண்டாம். பிழை அப்பிடியே இருக்கட்டும். நீங்கள் வாங்கோ."

அதன் பிறகு ஆறு ஊருக்குப் படம் போய்விட்டது. ஆறிலும் பன்னிரண்டாவது வினாடியில் நான் எழும்பினேன். ஹனோவரில் மட்டும் பதினாலு பேர் ஓடினார்கள்.

வீட்டில் இப்போது ஒரு கேள்விக்கும் நேரான பதில் கிடையாது. "இண்டைக்கு எத்தனை பேர் சாப்பிட?" என்று சரோ குசினியிலிருந்து கேட்டால், கௌசியும் யோனாஸும் ஒரே குரலில் சொல்வார்கள்: "ஐம்பத்தெட்டு."

நாலு பேர்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழும்பி நின்றுதான் சொல்கிறேன்.